சிவப்பு வாளித் துணி

கோபம் வந்தால் நான் பாலிஷ் மெஷினைத் தொட மாட்டேன். தொழிலில் எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் அது. கோபத்தில் கை அழுத்தும். அழுத்தினால் பெயிண்ட் சூடாகும், சூடானால் மேல்பூச்சு கருகிவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் அது திரும்பி வராது. அந்தச் சட்டத்தை நான் மீறியது ஒரே ஒரு காருக்குத்தான். என் மாமாவின் கார், அதாவது அக்கா புருஷனின் கார். கோபம் தணிந்த பிறகுதான் மெஷினைத் தொடுவேன் என்று உட்கார்ந்திருந்தால், அந்தக் கார் இன்றைக்கும் என் கடையில்தான் நின்றுகொண்டிருக்கும்.

நான் கார்களுக்குப் பாலிஷ் போடுகிறவள். கடை என்னுடையது. கழுவுகிற வேலை நுரை அண்ணனுடையது. முழங்கை வரை எப்போதும் சோப்பு நுரையோடு இருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அன்று காலை ஷட்டரைத் தூக்கியபோது மாமாவின் கார் வாசலில் நின்றது. கறுப்புக் கார். எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு, கறுப்புக் கார் வாங்கினவன் கார் வாங்கவில்லை, தனக்கு ஒரு வேலை வாங்கிக்கொண்டான் என்று. மாமா டிரைவர் இருக்கையிலிருந்து இறங்கினார். பக்கத்து இருக்கையில் அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாள் முன்பு வரை அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலை இறக்கிவிட்டு, எனக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறவள் அவள்.

"வா வா. உங்கக்கா பண்ணி வெச்சிருக்கற கைங்கரியத்தப் பாரு" என்றார் மாமா.

பானெட்டில் காலை வெயில் விழுந்திருந்தது. வெயில் விழுந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னினாற்போல மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக. நிழலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்டால்தான் வண்டவாளம் வெளியே வரும். நான் தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகர்ந்தது. உண்மையில் அவை வட்டமே இல்லை. எல்லாத் திசையிலும் கண்டபடி கிடக்கும் ஆயிரக்கணக்கான பொடிக் கீறல்கள். வெளிச்சம்தான் அவற்றை வட்டமாகக் காட்டும்.

"குரங்கு கையில பூமாலை கிடைச்ச கதைதான். அந்த பிரஷ் சுத்தற எடத்துல கொண்டுபோய்க் கழுவியிருப்பா. இல்லன்னா ஏதாவது அழுக்குத் துணியால தேச்சிருப்பா. கேட்டா வாயே தெறக்கறதில்ல. அதான் சாவிய வாங்கி வெச்சுட்டேன்" என்றார்.

சாவியை வாங்கி வைத்த விஷயம் எனக்குத் தெரியும். அதனால் என்ன ஆனது என்பதும் தெரியும். அக்கா ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். காலை ஷிப்டுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. வெறும் வயிற்றோடு வருகிற நோயாளிகளுக்காக விடிவதற்குள் லேபைத் திறந்தாக வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது, ஆட்டோவும் வராது. கார் கையில் இருந்தவரை அவள் ஒரு நாள் கூடத் தாமதமாகப் போனதில்லை. சாவி போன பிறகு மாமா எழுந்து, குளித்து, காரைத் துடைத்து, ஆற அமர அவளைக் கொண்டுபோய் விடுகிறார். லேப் வாசலில் கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் ஒரு கூட்டம் அவளுக்காக நின்று திட்டுகிறது. திங்கட்கிழமையிலிருந்து நேரத்துக்கு வர முடியாது என்றால் வரவே வேண்டாம் என்று லேப் தலைவர் சொல்லிவிட்டார். அக்கா ஃபோனில் இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. நான்தான் சுவரில் ஒரு குத்து விட்டேன்.

"மாமா, கீறல் போயிட்டா அக்காவுக்குச் சாவி தருவீங்களா?" என்று கேட்டேன். நேராகவே கேட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

"ஏன் தராம? நானா வேண்டாங்கறேன்? வண்டி புதுசு மாதிரி ஆகட்டும். அப்பறம் அவளே ஓட்டட்டும்." நுரை அண்ணன் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு பெருந்தன்மையாகச் சிரித்தார். "ஆனா ஒரு கீறல் இருக்கக் கூடாது. ஒண்ணு கூட."

பெயிண்டின் தடிமனை அளக்கிற மீட்டரை எடுத்துப் பானெட்டில் வைத்தேன். அது காட்டிய எண் இருக்க வேண்டியதில் பாதி கூட இல்லை. கதவில் வைத்தேன். அங்கேயும் அதே கதை.

"இதுக்கு முன்னாடி பாலிஷ் போட்டிருக்கீங்களா?"

"வருஷா வருஷம் போட்டுருவேன். வண்டிய நான் எப்படிப் பாத்துக்கறேன்னு உனக்குத் தெரியாதா?"

கீறலை எடுப்பது என்றால் ஏதோ அழிப்பான் வைத்து அழிப்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடி போல ஒரு மேல்பூச்சு இருக்கும். கீறல் அதில்தான் விழும். அந்தக் கீறலைச் சுற்றியிருக்கும் நல்ல பூச்சை, கீறலின் ஆழம் வரை தேய்த்து எடுத்துச் சமமாக்குவதுதான் நாங்கள் செய்கிற வேலை. பள்ளத்தை மறைக்க மேட்டை வெட்டுவது. ஒவ்வொரு முறையும் பூச்சு மெலியும். வருஷா வருஷம் யார் யாரிடமோ கொடுத்து மாமா அந்தப் பூச்சை வெங்காயச் சருகாக்கி வைத்திருந்தார்.

"மாமா, நல்லாக் கேட்டுக்குங்க. இதுதான் கடைசித் தடவை. இதுக்கப்பறம் இந்த வண்டி மேல மெஷின் வைக்க முடியாது. வெச்சா கலர் கழண்டு வந்துரும். அப்பறம் மொத்தமும் புதுசாப் பெயிண்ட்தான்."

"நீ ஒழுங்காப் போட்டா இன்னொரு தடவை எதுக்கு?" என்றார். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து ஆபீசுக்குப் போய்விட்டார். அன்று அக்காவுக்கு விடுமுறை. அவள் என்னோடு கடையில் இருந்தாள்.

எங்கள் கடையில் சாவி விஷயத்தில் ஒரு முறை உண்டு. யார் சாவியைக் கொடுத்தார்களோ அவர்கள் கையில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். தம்பி வந்தான், மச்சான் வந்தான் என்று கொடுத்துவிட்டுப் பிறகு வம்பில் மாட்டிய கடைகள் உண்டு. சாவியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நுரை அண்ணன் கழுவ ஆரம்பித்தார். அவர் காரைக் கழுவுவது குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரிதான் இருக்கும். முதலில் நுரையைப் பொழிந்து, அழுக்கை ஊறவிட்டு, தண்ணீரால் அடித்து, அதன் பிறகுதான் கையே படும். அதற்குள் அக்காவுக்குச் சும்மா உட்காரப் பொறுக்கவில்லை. நான் மேசையிலிருந்து எடுக்கும்போது ஒரு மைக்ரோஃபைபர் துணி கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, உதறி, என்னிடம் நீட்டினாள்.

"ஐயையோ! கீழ விழுந்தது! தொடாதீங்க! சிவப்பு வாளி, சிவப்பு வாளி!" என்று நுரை அண்ணன் அலறினார். ஏதோ பாம்பைப் பிடித்துவிட்டவளைப் போல அக்கா துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு விளக்கிச் சொன்னேன். தரையில் விழுந்த துணி எங்களுக்குச் செத்த துணி. எவ்வளவு துவைத்தாலும் ஒரு மணல் பொடி நூலுக்குள் ஒளிந்திருக்கும். அந்த ஒரு பொடி போதும், ஒரு நாள் வேலையைக் கெடுக்க. அதனால் கீழே விழுந்தது, சக்கரம் துடைத்தது, இன்ஜின் துடைத்தது எல்லாம் சிவப்பு வாளிக்குப் போகும். சிவப்பு வாளித் துணி மறுபடியும் பெயிண்டைத் தொடவே கூடாது.

"அப்போ இதால பானெட்டத் தொடச்சா?" என்று கேட்டாள்.

"உன் புருஷன் என்னைக் கொன்னுடுவாரு."

அக்கா சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்ததைப் பார்த்தேன். துணியைச் சிவப்பு வாளியில் போட்டுவிட்டுத் தன் கையையும் கழுவிக்கொண்டாள். லேப்காரி அல்லவா, இப்படிப்பட்ட சட்டம் அவளுக்குச் சட்டென்று பிடித்துப்போகும்.

காரை உள்ளே கொண்டுவந்து, காயவைத்து, நிற்கும் விளக்கைப் போட்டுச் சுற்றி வந்தேன். பானெட், கதவுகள், டிக்கி. பிறகு ஸ்டூலில் ஏறிக் கூரையைப் பார்த்தேன். மற்ற இடங்களை விடக் கூரையில்தான் கீறல் அதிகம். அதிலும் கூரையின் நட்ட நடுவில். நீண்ட கை ஒன்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை வளைத்து வளைத்துத் தேய்த்த தடம். சுழலும் பிரஷ் போட்டிருந்தால் கீறல்கள் ஒரே திசையில் கோடு கோடாக ஓடியிருக்கும். இது கை வேலை. உலர்ந்த துணி, தூசி, கை.

"அக்கா, இங்க வா. ஸ்டூல் வேண்டாம், தரையிலயே நில்லு. கைய நீட்டிக் கூரை நடுவுல தொடு."

அவள் காரை ஒட்டி நின்று, குதிகாலை எம்பி, கையை நீட்டினாள். அவள் என்னைவிடக் குள்ளம். கொடியில் துணி காயப்போடவே ஸ்டூல் தேடுகிறவள். விரல் நுனி கூரையின் ஓரத்தைத் தாண்டி ஒரு சாண் போனது. நடுவுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது.

"நீ போட்ட கீறலே இல்ல இது!" என்று கத்தினேன். "அந்த மனுஷன்தான் தினம் காலைல தொடைக்கறாரே! தண்ணி போட்டுத் தொடைக்கறாரா?"

"இல்லடி. ஒரு மஞ்சத் துணி வெச்சிருக்கார். வெறுமனே தொடைப்பார். சுத்திச் சுத்தி. மேல, பக்கத்துல, எல்லா எடத்துலயும். முன்னாடி சாயங்காலம் தொடைப்பார், சாவிய வாங்கினப்பறம் காலைல. நான் பையோட வாசல்ல நின்னு மணியப் பாத்துக்கிட்டிருப்பேன்."

அதைக் கேட்டதும் எனக்குக் காது சூடாகிவிட்டது. ராத்திரி முழுவதும் காரின் மேல் தெருத் தூசி படிந்திருக்கும். தூசி என்றால் என்ன, பொடி மணல்தான். அதைத் தண்ணீர் இல்லாமல் துணியால் தேய்ப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்று. இவர் தினம் தினம் தன் கையால் காரைக் கீறிவிட்டு, அந்தக் கீறலை இவள் தலையில் கட்டி, சாவியைப் பிடுங்கி, அந்தக் கீறலைப் போடுகிற நேரத்திலேயே இவளை வாசலில் நிற்க வைத்துத் தாமதமும் ஆக்கியிருக்கிறார். இப்படி ஒரு ஏற்பாட்டை உட்கார்ந்து யோசித்தாலும் செய்ய முடியாது. இவருக்குத் தானாகவே வந்திருக்கிறது.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயில என்ன பூட்டா?"

"சொன்னேன்டி. ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை சொன்னேன். 'நான் தொடைச்சாக் கீறல் விழாது'ன்னு சொல்லிட்டார்." அக்கா விளக்கையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதுக்கு மேல என்ன பேசறது? நீயே சொல்லு."

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. இவ்வளவு தெரிந்தும் இப்படி நிற்கிறாளே என்று. அவளைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். அவள் எனக்கு டீ வாங்கி வந்து வைத்தாள். அதைக் குடித்துக்கொண்டும் திட்டினேன்.

நேருக்கு நேர் காட்டினால் எந்த மனிதனும் ஒப்புக்கொள்வான் என்று நம்பினேன். அதனால் கூரையின் நடுவில் நெடுக ஒரு டேப்பை ஒட்டி, ஒரு பாதியை மட்டும் பாலிஷ் போட்டுக் கண்ணாடியாக்கினேன். மறுபாதியைத் தொடவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க மாமா வந்தார். விளக்கைப் போட்டு, ஸ்டூலில் ஏறச் சொன்னேன்.

"இந்தப் பக்கம் பாருங்க. இப்ப அந்தப் பக்கம் பாருங்க. கூரைக்கு நடுவுல இருக்கு மாமா. அக்காவுக்கு இங்க கை எட்டவே எட்டாது. நீங்க காலைல தண்ணி போடாமத் தொடைக்கறீங்க இல்ல, அதான் இது."

"அது மெத்துனு இருக்கற துணிம்மா. புதுத் துணி."

"துணி கீறல மாமா. தூசிதான் கீறுது. துணி அத இழுத்துக்கிட்டுப் போகுது, அவ்வளவுதான்."

மாமா கூரையைப் பார்த்தார். தன் கையை நீட்டி, படாமல், காற்றிலேயே அந்த வளைவின் மேல் ஒரு முறை ஓட்டினார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவர் கை அந்தத் தடத்தில் பொருந்தியது. அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு நொடி அவர் முகத்தை நான் பார்த்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஸ்டூலிலிருந்து இறங்கினார். கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சரி சரி, யாரு போட்டா என்ன? எடுக்கத்தானே உங்கிட்ட விட்டிருக்கேன். மிச்சத்தையும் எடுத்துடு." வாசல் வரை போய்த் திரும்பினார். "இதெல்லாம் அவகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்காத. பொம்பளைங்க சின்ன விஷயத்தப் பெருசு பண்ணுவாங்க."

நானும் பொம்பளைதான் என்பது அந்த நேரத்தில் அவர் நினைவில் இல்லை. என் கையில் ஏதாவது இருந்திருந்தால் எறிந்திருப்பேன். இருந்தது மெஷின். விலை உயர்ந்தது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு எனக்குள் ஒரு வெறி பிடித்தது. கீறல் யார் போட்டது என்று இவர் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கீறலே இல்லை என்றால் பேச்சே இல்லை. 'ஒரு கீறல் கூட இருக்கக் கூடாது' என்றார் அல்லவா, இருக்காது. சாக்குச் சொல்ல ஒரு மயிரிழை இடம் கூட வைக்க மாட்டேன். மெழுகைப் பூசிக் கீறலை மறைத்துக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நாலு முறை கழுவினால் கீறல் பல்லை இளித்துக்கொண்டு வெளியே வரும். அந்தப் பூசி மெழுகுகிற வேலை இங்கே நடக்காது.

விளிம்புகளுக்கெல்லாம் டேப் ஒட்டினேன். அங்கேதான் பூச்சு மிகவும் மெலிந்திருக்கும், ஒரு விநாடி அசந்தால் போய்விடும். காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையை நான்கு சொட்டுக்கு மேல் வைக்கவில்லை. மெஷினின் எடையைத் தவிர வேறு எந்த அழுத்தமும் கொடுக்காமல், பட்டாணி உருட்டுகிற மாதிரி மெல்ல நகர்த்தினேன். ஒவ்வொரு முறையும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தேன். மெஷினில் மாட்டிய பஞ்சை அழுக்காகும் முன்பே மாற்றினேன். மனதுக்குள் மாமாவைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே, கையை மட்டும் சாதுவாக வைத்துக்கொண்டு வேலை செய்தேன். இரண்டையும் சேர்த்துச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். நுரை அண்ணன் கிட்டே வரவில்லை. தூரத்தில் நின்று, "அம்மா தாயே, தண்ணியாவது குடி" என்று கெஞ்சினார்.

கடைசியில் பிசுக்கெல்லாம் போகத் துடைத்துவிட்டு விளக்கைப் போட்டேன். பானெட்டில் விளக்கு ஒரு புள்ளியாக விழுந்தது. அதைச் சுற்றி வலை இல்லை, வட்டம் இல்லை, ஒன்றுமே இல்லை. கிணற்றுத் தண்ணீர் போலக் கறுப்பு. என் தொழிலில் இதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. நுரை அண்ணன் பானெட்டில் தன் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்த நாள் சாயங்காலம் இருவரும் வந்தார்கள். மாமா ஆபீசிலிருந்து வந்தார். அக்கா லேபிலிருந்து, வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை அது. திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள்தான் இருந்தது. சாய்ந்த வெயில் ஷட்டர் வழியாக நேராகக் காரின் மேல் விழுந்தது. மாமா காரைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், எட்டிப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"பிரமாதம்! இதத்தான் நான் சொன்னேன். புதுசு தோத்துது போ!" என்று என் முதுகில் தட்டினார். எனக்குக் கூசியது. ஆனாலும் சிரித்தேன். அக்காவுக்காக.

அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். "அப்போ திங்கட்கிழமையிலேருந்து நான் எடுத்துட்டுப் போறேங்க. சாவி..."

மாமா அவளைப் பார்த்துச் சிரித்தார். குழந்தை நெருப்புப்பெட்டி கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"வெளையாடறியா? இவ்வளவு பளபளன்னு ஆக்கி வெச்சிருக்கா உன் தங்கச்சி. இத யாராவது கையில குடுப்பாங்களா? கொஞ்ச நாள் போகட்டும். பாலிஷ் கொஞ்சம் பழசாகட்டும், பாக்கலாம்."

கீறல் இருந்தபோது கீறல் இருக்கிறது என்பதால் சாவி இல்லை. இப்போது கீறல் இல்லை என்பதால் சாவி இல்லை. நான் ராப்பகலாகத் தேய்த்தது அவள் கைக்கு ஒரு விலங்கை. நானே செய்து, நானே பளபளப்பாக்கிப் பூட்டியிருக்கிறேன். இப்படி ஒரு மடச்சி உலகத்தில் உண்டா?

"மாமா, நீங்க சொன்ன வார்த்தை என்ன?" என்று கத்தினேன். "நுரை அண்ணன் சாட்சி. வண்டி புதுசு மாதிரி ஆனா சாவி தர்றேன்னு நீங்க சொல்லல?"

"சொன்னேன். இன்னிக்கே தர்றேன்னா சொன்னேன்? நீ எதுக்கு எங்க வீட்டு விஷயத்துல தலைய விடறே? சாவியக் குடு, கெளம்பணும்."

கையை நீட்டினார். சாவி என் மேலங்கிப் பையில் இருந்தது. கொடுத்தவர் கையில்தான் திருப்பித் தர வேண்டும் என்பது என் கடைச் சட்டம். என் கை பைக்குள் போய் அங்கேயே நின்றது.

அக்கா கத்தவில்லை. என் பக்கம் திரும்பிச் சாதாரணமாகக் கேட்டாள், லேபில் சந்தேகம் கேட்கிற மாதிரி.

"இது மேல இன்னொரு தடவை மெஷின் போட முடியுமாடி?"

"முடியாது. பூச்சே இல்ல. இதுதான் கடைசி."

"அப்போ இனிமே கீறல் விழுந்தா?"

"விழுந்தது விழுந்ததுதான்."

"சரி" என்றாள். வெள்ளைக் கோட்டை நாற்காலியில் மாட்டினாள். நேராக மூலைக்குப் போனாள். சிவப்பு வாளிக்குள் கையை விட்டு மேலாகக் கிடந்த துணியை எடுத்தாள். நுரை அண்ணன் காலையில் ஒரு லாரியின் சக்கரம் துடைத்த துணி அது. காய்ந்து, கறுத்து, மண்ணோடு விறைத்திருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. தடுக்க நேரம் இருந்தது. நான் தடுக்கவில்லை.

அக்கா பானெட்டின் நடுவில் துணியை வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, ஒரு பெரிய வட்டம் போட்டாள். அந்தச் சத்தம் இருக்கிறதே, பல் கூசியது. நுரை அண்ணன் "ஐயோ!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டார். அவள் இன்னொரு வட்டம் போட்டாள். பிறகு அவசரப்படாமல், காலையில் அவர் துடைப்பாரே அதே மாதிரி, சுற்றிச் சுற்றி, தன் கை எட்டுகிற வரைக்கும் தேய்த்தாள். எட்டாத இடத்தை விட்டுவிட்டாள்.

"ஏய்! ஏய்! பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?" மாமா ஓடி வந்தார். அக்கா துணியைத் தரையில் போட்டுவிட்டு நகர்ந்து வழிவிட்டாள்.

"இப்போ போட்டது நான்தான்" என்றாள். "நெஜமாவே நான்தான். இனிமே இத யாராலயும் எடுக்க முடியாது. காப்பாத்தி வைக்கவும் ஒண்ணும் இல்ல. பாலிஷ் பழசாயிடுச்சுங்க. சாவி குடுங்க."

மாமா அவளைப் பார்க்கவே இல்லை. பானெட்டின் மேல் கவிழ்ந்து, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி, அந்தக் கீறல்களைத் தேய்த்தார். தண்ணீர் இல்லாமல், சக்கர மண் மேலே சிதறிக் கிடக்கும்போதே, வெறுமனே தேய்த்தார். சுற்றிச் சுற்றி. வெயிலில் புது வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்ததை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தேய்க்கத் தேய்க்க அது கூடியது. கூடக் கூட அவர் இன்னும் வேகமாகத் தேய்த்தார். அவளுக்கு எட்டாத இடம் வரைக்கும் அவர் கை போனது.

அக்கா முதலில் சிரித்தாள். பிறகு நுரை அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் மாமா நிறுத்தினார். கைக்குட்டையைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார்.

நான் பையிலிருந்து சாவியை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தேன். கடைச் சட்டம் கடையோடு போகட்டும்.

"வண்டி என் பேருல இருக்கு!" என்றார் மாமா.

"இருக்கட்டுங்க. நான் ஓட்டத்தானே கேக்கறேன்" என்றாள் அக்கா.

டிரைவர் இருக்கையில் ஏறினாள். அவர் காலுக்காகப் பின்னால் தள்ளியிருந்த இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். வண்டியைக் கிளப்பி வாசலில் நிறுத்தி ஜன்னலை இறக்கினாள்.

"ஏறிக்கறீங்களா? இல்ல பஸ்ல வர்றீங்களா?"

மாமா அசையவில்லை. ஒரு வாகனம் பின்னால் நின்று ஹாரன் அடித்தது. அக்கா பதிலுக்கு எனக்கு ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டாள். பானெட் முழுக்க வலை பின்னியபடி, சாயங்கால வெயிலில் அந்தக் கார் தெரு முனையில் திரும்பியது. என் வாழ்நாளில் நான் செய்த மிக நல்ல வேலை அதில் போய்க்கொண்டிருந்தது. ஒரு டீ ஆறும் நேரம்கூட அந்தப் பளபளப்பு நிலைக்கவில்லை. எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை.

மாமா என்னிடம் வந்தார். கைக்குட்டை இன்னும் கையில் இருந்தது.

"அத எப்படியாவது எடுத்துடலாம்ல?" என்று கேட்டார்.

"எடுக்க முடியாது மாமா" என்றேன். சொல்லிவிட்டுக் கீழே கிடந்த துணியை எடுத்துச் சிவப்பு வாளியில் போட்டேன். அவர் கையிலிருந்த கைக்குட்டையையும் கேட்டு வாங்கிப் போட்டேன்.